கிராணியும் அகராதியும்: தமிழர் ஆங்கிலச் சொல்வளம் தேடிய வரலாறு

உயர்நிலை ஆங்கிலச் சொற்களை மாணவர் மனத்தில் நிலைக்கச் செய்வது எவ்வாறு என்று செலாயாங் வட்டாரத்து ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி வினவுவர். நாளொன்றுக்குப் பத்துச் சொல் எனப் பட்டியல் கொடுத்து மனனம் செய்விக்கும் வழக்கம் இன்னும் நீங்கியபாடில்லை. தமிழர் இவ்வினாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விடை கண்டிருந்தனர். அதனை அறிய யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க மிஷனரிகள் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். டேனியல் பூர் அதன் முதல் தலைவர். மதம் பரப்புவதே அவர்களது முதன்மை நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியமும் அங்கு முறையாகப் பயிற்றப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. ஆங்கிலக் கல்வியில் பட்டம் பெற்ற அதே தாமோதரம்பிள்ளைதான் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

அகராதிப் பணியும் அம்மண்ணிலேயே வேர்கொண்டது. மிரோன் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருநூலுக்கு யாழ்ப்பாணத்தில் அடித்தளமிட்டவர் ஜோசப் நைட். தமிழ்ப் புலவர் பலர் துணைநின்றனர்.

மருத்துவர் சாமுவேல் கிறீனின் கதை இவற்றினும் நமக்கு அணுக்கமானது. 1847இல் இலங்கை வந்த அவர், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலவழிக் கற்றவர்கள் அரசாங்க வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அவரும் அவருடைய மாணவர்களும் 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினர். கெமிஸ்தம் என்னும் பெயர் நிலைக்கவில்லை. வேதியியல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கோ அச்சொல்லின்மேல் இன்றும் ஒரு பரிவு உண்டு. இம்மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் ஒவ்வோர் ஆங்கிலக் கலைச்சொல்லையும் பிரித்து, அதன் உறுப்புகள் எதைச் சுட்டுகின்றன என்று ஆராய வேண்டியிருந்தது. அவர்களது ஆங்கிலம் ஆழப்பட்டதும் அவ்வாராய்ச்சியினால்தான்.

கிறீன் கவலையுற்ற அந்தப் புறப்பாடு மலாயாவை நோக்கியும் நிகழ்ந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் இரயில் ஓடத் தொடங்கியபின், பாதைகள் நீள நீள எழுத்தரும் நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாணத்தார் வந்து சேர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸின் இரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் வாழ்வு தளிர்த்தது. தமிழகத்திலிருந்து வந்து பால்மரம் சீவியோரின் பிள்ளைகள் நிலை வேறு. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அங்குக் கிடைத்தது தமிழில் தொடக்கக் கல்வி மட்டுமே. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த பள்ளிகளும் உண்டு. ஒரே மொழி பேசுவோர் நடுவில் ஆங்கிலச் சொல் ஒரு கோடு கிழித்தது. துரையின் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருபுறம். அதைப் படித்துக் காட்டுமாறு அவர்முன் கைகட்டி நின்றவர் மறுபுறம். நம்மவர் பலர் தமிழைவிட்டு விலகினால்தான் ஆங்கிலம் வரும் என்று நம்பத் தலைப்பட்டது இக்கோட்டினால்தான் என்பது என் துணிபு.

அந்நம்பிக்கையின் விளைவை நானும் நுகர்ந்தேன். 1970இல், தமிழ்ப்பள்ளி முடித்து, 'ரிமூவ்' எனப்பட்ட புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அங்கு 'எவாப்பரேஷன்' என்னும் சொல்லை இருபதுமுறை எழுதச் செய்தனர். எழுத்துக்கூட்டு வந்தது, பொருள் வரவில்லை. வீட்டிலிருந்த லிஃப்கோ அகராதியைப் புரட்டியபோது, தமிழ்ப்பள்ளியில் நான் நன்கறிந்த 'ஆவியாதல்' தான் அது என்று கண்டேன். ஓராண்டு முழுவதும் தெரிந்ததையே தெரியாததாகக் கருதிப் படித்திருக்கிறேன்.

இன்றைய மாணவர்க்கு மூன்றாவது ஒரு துணையும் உண்டு. மலாய்மொழி ஐரோப்பியக் கலைச்சொற்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது. ஹிப்போத்தெசிஸ், எவோலுசி போன்றவற்றை நம் பிள்ளைகள் மலாய்ப் பாடங்களிலேயே சந்தித்துவிடுகின்றனர். தமிழோ அவற்றின் உட்பொருளைத் திறந்து காட்டுகிறது. 'போட்டோசிந்தசிஸ்' என்பதில் 'போட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை. ஒளிச்சேர்க்கை என்று முன்பே கற்ற மாணவர்க்கு அக்கிரேக்க ஆக்கம் புதிரன்று. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் முடிவு 2003இல் நடைமுறைக்கு வந்தது. 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. எந்தமொழியில் கற்பிப்பது என்று இத்தனை காலம் வாதிட்ட நாம், இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்துக் காட்டுவது எப்படி என்பதைப் போதிய அளவு பேசவில்லை.

சென்ற ஆண்டு இங்கோர் ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருந்தேன். ஆசிரியை கரும்பலகையில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று நிரல்கள் வரைந்து, தொலைநோக்கி, நுண்ணோக்கி, தொலைபேசி ஆகியவற்றை எழுதினார். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அப்படியென்றால் மைக்ரோபோன் நுண்பேசியா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. 'போன்' என்பதன் மூலப்பொருள் பேச்சன்று, ஒலி என்று விளக்கிவிட்டு, அவ்வுறுப்பு வரும் வேறு சொற்களைத் தேடச் சொன்னார். மணி அடிப்பதற்குள் 'சாக்ஸபோன்', 'சிம்பொனி' இரண்டும் பலகையில் ஏறிவிட்டன.