ரேட்-3: ஒரு புழு, ஒரு விளக்கு, வெயில் ஆகாத பிள்ளைகள்

ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ ஏதாவது ஒரு ஃப்ளாட்டின் சமையலறையில் சுவரைப் பாருங்க. ‘யூவி’ன்னு எழுதின வாட்டர் ப்யூரிஃபையர் மாட்டியிருந்தா, அதுக்குள்ள பெரும்பாலும் ஒரு சின்ன பாதரச விளக்குதான் எரியுது. அது கிருமியைக் காய்ச்சிக் கொல்றது இல்லை. கிருமியோட டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டை ஒட்டிப்போட்டு விடுகிறது. ஒட்டின இடத்தைத் தாண்டி காப்பி எடுக்க முடியாது. கிருமி பெருகாம நின்னு போயிடும்.

பாதரச விளக்குன்னா நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைச் சொல்லாம நகர முடியாது. ஸ்ரீரங்கம் தீவிலேயே இருக்கும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி.ராமன். 1928-ல் ராமன் விளைவை முதலில் சூரிய ஒளியில் பார்த்தார், அப்புறம் பாதரச விளக்கின் நீல ஒளியில் நிறமாலையைப் பதிவு செய்தார். நான் இன்னைக்குச் சொல்லப் போறது அதே பாதரசம் விடுகிற, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிரோட கதை. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். ஆராய்ச்சிக்கூடத்தில் புழு மேல் வழக்கமா அடிக்கிறது இதைத்தான்.

வெயிலில் வரும் 254-ஐ ஓசோன் தடுத்துடுது. ஆனா தப்பி வருகிற யூவி-பி கதிர் நம்ம தோலிலும் அதே மாதிரி எழுத்துகளை ஒட்டும். மே மாசம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் இது நடக்குது. நமக்கு ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம், செல்லுக்குள்ளேயே ஒரு பழுதுபார்க்கும் கூட்டம் இருக்கு. ஒட்டின இடத்தைச் சுத்தி சுமார் 30 எழுத்துகளை வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையைப் பார்த்து புதுசா எழுதிடும். அசீஸ் சன்ஜாருக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வேலையை விளக்கியதற்காக.

அந்தக் கூட்டம் இல்லாமலே பிறக்கிற பிள்ளைகளும் உண்டு. ஸீரோடெர்மா பிக்மென்டோசம், சுருக்கமா எக்ஸ்.பி. வியன்னாவின் தோல் மருத்துவர் கபோசி 1870-களிலேயே இதை விவரித்து எழுதினார். சின்ன வயசிலேயே தோலில் புற்றுநோய் வரும். காரணம் தெரிய கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. 1968-ல் ஜேம்ஸ் கிளீவர், இவங்க தோல் செல்களுக்குப் புற ஊதாப் பழுதைச் சரிசெய்ய முடியலைன்னு காட்டினார்.

இந்தப் பக்கம், கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு ஒன்றைப் பிடிச்சு வெச்சிருந்தார். சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். மூணே நாளில் முட்டையிலிருந்து பெரிசாகும். அதைவிட முக்கியம், ஒரே புழுவே அம்மா, அப்பா ரெண்டும். அதன் மரபியலை விளக்கும் கட்டுரை 1974-ல் வந்தது. 1982-ல் மின்னசோட்டாவில் பிலிப் ஹார்ட்மனும் ராபர்ட் ஹெர்மனும் புற ஊதாவைத் தாங்க முடியாத ஒன்பது புழு வகைகளை அறிவிச்சாங்க. ரேட்-1 முதல் ரேட்-9 வரை. யோசிச்சுப் பாருங்க, வெளிச்சம் பட்டு செத்த புழுவுக்கு வாரிசு கிடையாது. அதனால இந்த மாதிரித் தேடலில் செத்ததோட கூடப்பிறந்ததைப் பத்திரமா வெச்சிருக்கணும்.

ஒன்பதும் வெறும் நம்பர்தான். குரோமோசோமில் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும், என்ன வேலை செய்யுதுன்னு தெரியாது. ரேட்-5, கிளாக்-2ங்கிற வேற பேரில் ஏற்கெனவே ஆராயப்பட்ட மரபணுதான்னு 2001-ல் தெரிந்தது. ரேட்-3 யாருன்னு தெரிய 2007, 2008 ஆயிடுச்சு. அது எக்ஸ்.பி. பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு உடைஞ்சிருக்கிற எக்ஸ்.பி.ஏ. மரபணுவோட புழு வடிவம்!

மனிதனின் எக்ஸ்.பி.ஏ.வைப் புழுதான் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1990-லேயே ஜப்பானின் கியோஜி தனகா குழு அதைப் பிரிச்சு எடுத்துடுச்சு. புழு கொடுத்தது வேற. கிண்ணத்தில் வளரும் தோல் செல்லில் தெரியாததை, உயிரோடு நெளியும் முழு உடம்பில் காட்டியது. முட்டையாகும் செல்கள் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழியை அதிகம் நம்புது, உடம்புச் செல்கள் இன்னொரு வழியை. எக்ஸ்.பி.ஏ. ரெண்டு வழிக்கும் பொது. அது போனா ரெண்டும் போச்சு.

மண்ணிலும் அழுகின பழத்திலும் வாழ்ற புழுவுக்கு வெயில் மருந்து எதுக்குன்னு கேட்பீங்க. இதே கூட்டம் சில ரசாயனங்கள் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் பெரிய பழுதையும் வெட்டி எடுக்கும். ரேட்-3 புழுவே ஒரு ரசாயனத்துக்கும் பலவீனமா இருந்தது.

நம்ம வீட்டுக் கதை இதுக்கப்புறம்தான். அந்த ஒன்பது மாற்றங்களும் ஒடுங்கு பண்பு, எக்ஸ்.பி.யும் பெரும்பாலும் அப்படியே. ஒரு பிரதி நல்லா இருந்தா வெளியே ஒண்ணும் தெரியாது, ரெண்டும் உடைஞ்சாத்தான் தெரியும். குழந்தைக்குக் கிடைக்கிற ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியா இருக்க வாய்ப்பு எவ்வளவு? தனக்குத்தானே கருத்தரிக்கும் புழுவில் 2-ல் 1. தாய்மாமனைக் கட்டின பெண்ணின் குழந்தைக்கு 8-ல் 1. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் 16-ல் 1. புழு ஆராய்ச்சியாளருக்கு வசதியா இருந்த அதே கணக்குதான் நம்ம உறவுமுறைக் கல்யாணத்திலும் ஓடுது. எக்ஸ்.பி. மிக அபூர்வம், அதனால சொந்தத்தில் கட்டினவங்க யாரும் பதற வேண்டாம். ஆனா இந்தியாவில் பதிவான எக்ஸ்.பி. குடும்பங்களில் பெற்றோர் ரத்த சொந்தமா இருப்பது திரும்பத் திரும்ப வருது. முதல் குழந்தைக்கு வந்துட்டா, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 4-ல் 1 வாய்ப்பு. அந்தக் குடும்பத்தில் எந்த மாற்றம்னு தெரிஞ்சிருந்தா கர்ப்பத்திலேயே பரிசோதிக்க முடியும்.

முழுசா குணமாக்க மருந்து இல்லை. வெயிலை முழுசா மறைக்கிறதுதான் வைத்தியம், அதுவும் திருச்சி வெயிலை! சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறைய புற்றுநோயைத் தவிர்க்கலாம். எல்லா எக்ஸ்.பி. குழந்தைக்கும் தோல் வெந்து போறதில்லை, அதனாலதான் பெற்றோர் கவனிக்காம விடுறாங்க. வெயில் படும் முகத்திலும் கையிலும் ரெண்டு வயசுக்குள்ளேயே பழுப்புப் புள்ளிகள் நிறைய வந்தா, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கண்ணை மூடிக்கிட்டா, ‘ஏதோ சூடு’ன்னு சந்தனம் பூசாம தோல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.