பசிக்காத இதயம்

லண்டன், 1960. இரவு 2 மணி. லண்டன் பல்கலைக்கழகத்தின் 'ஃபெராண்டி மேர்க்குரி' கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவன் இருக்கிறான். வயது 23, கிட்டத்தட்ட எங்கட வயசுதான். பெயர் டெனிஸ் நோபிள். அந்த மெஷினைப் பாவிக்க அவருக்குக் கிடைத்த நேரம் விடியப்புறம் 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும். அது முடியக் கொல்களத்துக்குப் போய் செம்மறியாட்டின் இதயத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வருவார். பகலில் உண்மையான இதயம், இரவில் எண்களால் ஆன இதயம்.

கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு இந்தக் கதையில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். வரலாறு படிக்கும்போது ஒரு ஆவணம் எதைச் சொல்கிறது என்பதோடு, எதை விட்டுவிட்டது என்றும் பார்க்கப் பழகுகிறோம். நோபிளின் இதயமும் அப்படி ஒரு ஆவணம்தான். அதில் விடுபட்டிருந்தது சாப்பாடு.

கதை கொஞ்சம் முன்னால தொடங்குது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் மின்னை அளந்தார்கள். சோடியமும் பொட்டாசியமும் கலமென்சவ்வினூடாகப் போய்வருவதால்தான் நரம்புத் துடிப்பு உண்டாகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதி 1952இல் வெளியிட்டார்கள். கணக்குப் போடவேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜின் கொம்பியூட்டர் திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினில் கிழமைக்கணக்காக இருந்து கணக்கை முடித்தார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நோபிள் அதே சமன்பாடுகளை இதயத்துக்கு மாற்றினார். நரம்பின் துடிப்பு ஓரிரு மில்லிசெக்கனில் முடிந்துவிடும். இதயத்தின் துடிப்பு அதைவிட நூறு மடங்குக்கும் மேலாக நீளும். ஏன்? நோபிளும் அவருடைய ஆசிரியர் ஒட்டோ ஹட்டரும் பகல் வேளைப் பரிசோதனைகளில் கண்டது இதுதான்: துடிப்பின் நடுவில் ஒருவகைப் பொட்டாசியப் பாதை மூடிக்கொள்கிறது. அதைச் சமன்பாட்டில் சேர்த்ததும், மெஷினில் இதயக் கலம் தன்பாட்டில் திரும்பத் திரும்பத் துடித்தது. யாரும் தாளம் போட்டுக் கொடுக்கவில்லை. 1960இல் அது 'நேச்சர்' இதழில் வந்தது.

அந்தப் பாதை மூடுவதால் இன்னொரு நன்மையும் இருக்கு. வீணாக வெளியேறும் பொட்டாசியம் குறையும். அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் செலவும் குறையும். அதாவது இதயம் சிக்கனக்காரி. ஆனால் நோபிளின் மாதிரியுருவில் அந்தச் செலவுக் கணக்கே இல்லை. கலத்துக்குள் சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்பது மாறாத எண்களாக இருந்தன. ஆயிரம் தரம் துடித்தாலும் அந்த இதயத்துக்குக் களைப்பு வராது, பசிக்காது.

உண்மையான இதயத்துக்கு நல்லாவே பசிக்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தரம் துடிக்கிறது. அதற்கான சக்தி ஏ.ரி.பி. என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. கையிருப்பு மிகக் குறைவு. புதிதாகச் செய்யாவிட்டால் சில செக்கன்களுக்குத்தான் காணும். அதனால்தான் இதயத்தசைக் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழைமணிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழைமணி ஏ.ரி.பி.யை எப்படிச் செய்கிறது என்பதற்கு பீற்றர் மிச்செல் 1961இல் ஒரு விளக்கம் சொன்னார். மென்சவ்வின் ஒரு பக்கம் புரோத்தன்களைத் தேக்கி வைத்து, அணைக்கட்டில் தண்ணி திறப்பதுபோல விட்டு, அந்த ஓட்டத்தில் ஏ.ரி.பி. செய்கிறது என்றார். கனபேர் நம்பவில்லை. 1978இல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது.

ஆக, துடிப்பின் கணக்கும் சாப்பாட்டின் கணக்கும் ஒரே காலத்தில் பிறந்தும், நீண்டகாலம் தனித்தனியே வளர்ந்தன. 1985இல் டிஃபிரான்செஸ்கோவும் நோபிளும் சேர்ந்து எழுதிய மாதிரியுருவில் அயன்களின் அளவு மாறத் தொடங்கியது, பம்பிகளும் வந்தன. ஆனால் பம்பி ஓட எரிபொருள் எங்கிருந்து வருகிறது எண்டு அதுவும் கேட்கவில்லை.

இடையில் ஒரு புதிர் முளைத்தது. ஏ.ரி.பி. செலவானால் ஏ.டி.பி. கூடும், அதைக் கண்டுதான் இழைமணி வேகமெடுக்கும் என்பது 1950களிலிருந்து வந்த விளக்கம். 1986இல் ரொபர்ட் பலபானும் கூட்டாளிகளும் உயிருள்ள விலங்கின் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்த்தார்கள். வேலை கூடியது. ஏ.ரி.பி.யோ ஏ.டி.பி.யோ பெரிதாக மாறவில்லை. அப்போ இதயம் ஓடுகிறது என்று இழைமணிக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு மாதிரியுரு இல்லாமல் பதில் தேடுவது கஷ்டம். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது, ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். 1997இல் மக்னசும் கைசரும் சதையியின் கலங்களுக்காக ஒரு இழைமணி மாதிரியுருவைக் கட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்து, 2003இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சோனியா கோர்ட்டாசாவும் குழுவும் இதயத்துக்கான இழைமணி மாதிரியுருவை வெளியிட்டார்கள். அதில் கல்சியம் ஒரு தூதுவன். தசையைச் சுருங்கச் சொல்லும் அதே கல்சியம் இழைமணிக்குள்ளும் நுழைந்து 'உற்பத்தியைக் கூட்டு' என்கிறது. 2005இல் டானியல் பியர்ட் வேறொரு மாதிரியுருவை எழுதினார். கல்சியம் இல்லாமலே, செலவான ஏ.ரி.பி.யிலிருந்து திரும்பி வரும் பொஸ்பேற்றும் ஏ.டி.பி.யும் போதும் என்பது அவருடைய குழுவின் வாதம். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இதைப் படிப்பறைச் சண்டை எண்டு தள்ள ஏலாது. மாரடைப்பில் ஒரு குழாய் அடைபட்டால் ஒக்சிசன் நிற்கும், ஏ.ரி.பி. இறங்கும், பம்பிகள் தளரும், துடிப்பின் மின்னும் குழம்பும். பசிக்காத ஒரு இதயத்தை வைத்துக்கொண்டு இந்தச் சங்கிலியைப் படிக்கவே முடியாது.

அதுக்காக நோபிள் செய்தது பிழை எண்டு சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்க்கப் பார்த்திருந்தால் அந்த மெஷினில், அந்த இரண்டு மணித்தியாலத்தில், ஒரு துடிப்புக்கூட வந்திருக்காது. எதை விடுகிறோம் எண்டு தெரிந்துகொண்டு விடுவதும் ஒரு அறிவுதான். விட்டது எது என்பதைப் பிறகு வந்தவர்கள் மறக்காமல் திரும்பிப் போய் எடுத்தார்கள். அதற்கு நாற்பது வருசத்துக்கு மேல் பிடித்தது.