மூச்சா, நாடியா? ஹைதராபாத் குளோரோஃபார்ம் ஆணையமும் நோயாளியை நோக்கும் அறிவும்

மயக்க மருந்து தரப்பட்டவரின் உயிர், அருகில் நின்று கவனிப்பவரின் கண்ணையும் கையையும் நம்பியிருக்கிறது. அவர் கவனிக்க வேண்டியது மார்பின் ஏற்ற இறக்கத்தையா, மணிக்கட்டின் நாடியையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவ உலகைப் பிளவுபடுத்திய இக்கேள்விக்கு விடைகாண முயன்ற நகரங்களுள் முதன்மையானது ஹைதராபாத்.

1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தார். 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை அகற்றும் சிறு அறுவையின்போது, ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி இறந்தார். இத்தகைய மரணங்களில் இதயமே முதலில் நிற்கிறது, எனவே நாடியைக் கவனிக்க வேண்டும் என்றனர் லண்டன் மருத்துவர் பலர். மூச்சே முதலில் தடைபடுகிறது, அதைக் கவனித்தால் போதும் என்றது எடின்பரோவின் ஜேம்ஸ் சைம் வழிவந்த மரபு.

சைமின் மாணவரான எட்வர்ட் லாரி, 1846-இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் மருத்துவப் பள்ளிக்குத் தலைமையேற்றபோது, அம்மரபையே விதியாகக் கற்பித்தார். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் ஆதரவில் 1888-இல் அமைந்த முதல் ஆணையம், விலங்குச் சோதனைகளின் வழி லாரியின் கருத்தை உறுதிசெய்தது. லண்டனின் 'லான்செட்' இதழ் அதனை ஐயுற்றது. நிஜாம் 1000 பவுண்டு அளித்து, அவ்விதழின் சார்பாளர் ஒருவரையே வரவழைத்தார். 1889-இல் வந்த லாடர் பிரன்டன், 400-க்கும் மேற்பட்ட விலங்குச் சோதனைகளுக்குப் பின் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு லாரியின் பக்கம் சேர்ந்தார்.

அதே காலத்தில் அப்பள்ளியில் பயின்றவர் ரூபா பாய் ஃபர்துன்ஜி. பின்னர் ஹைதராபாத் மருத்துவமனைகளில் குளோரோஃபார்ம் அளிக்கும் பணியில் ஈடுபட்ட இவர், உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவராகக் கருதப்படுகிறார்.

ஆணையத்தின் முடிவு நிலைக்கவில்லை. இலேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கித் திடீர் மரணம் நேரலாம் என்பதை 1911-இல் குட்மன் லெவி பூனைகளில் நிறுவினார். அதிர்ச்சியின்போது உடல் சுரக்கும் அட்ரினலின் இந்த ஆபத்தைக் கூட்டும் என்பதும் தெளிவாயிற்று.

ஆயினும் லாரியின் விதியை முழுவதும் பிழையெனத் தள்ளிவிட இயலாது. அதில் இரு கூறுகள் உள்ளன. மூச்சை இடைவிடாது கவனி என்பது முதற்கூறு. மருந்தின் மிகை அளவால் நேரும் மரணத்திற்கு அது இன்றும் நல்ல காவல். நாடியைப் பொருட்படுத்தாதே என்பது இரண்டாவது கூறு. முதலாவது பார்க்கக் கற்பிக்கிறது. இரண்டாவது பார்ப்பதைத் தடுக்கிறது. சோதனைச்சாலையின் பொதுமுடிவு ஒன்று, படுக்கையருகில் நிற்பவருக்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஒன்றை முன்கூட்டியே தள்ளுபடி செய்துவிட்டது. நாடியை முதலில் வைத்தாலும், மொழி, விழி, நிறம் முதலியவற்றையும் சேர்த்தே நோக்கும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தமது செவிலியக் குறிப்பு நூலில் நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். இன்றைய செவிலியரின் பதிவுத்தாளில் வெப்பநிலை, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவை அருகருகே நிற்கின்றன. ஆனால் எண்களின் பொருள் இடத்துக்கு இடம் மாறும். அறுவைக்குப் பின் மார்ஃபின் பெற்றவரிடம் மூச்சு எண்ணிக்கை குறைவது எச்சரிக்கை. பேறுகாலத்திற்குப் பின் குருதி இழக்கும் தாயிடம், இரத்த அழுத்தம் சரியும் முன்பே நாடி விரைவுபடலாம். இவருக்கு, இந்த நேரத்தில், எந்தக் குறி முதலில் பேசும் எனத் தேர்வதே செவிலியத்தின் அறிவு. அதைச் செவிலியர் முதலில் கண்டு உரைக்கும்போது மருத்துவமனையின் படிநிலை செவிமடுக்கிறதா என்பது, ஆணையம் எழுப்பாத, இன்னும் தீராத கேள்வி.