செம்மண் சடக்குகள்: சுங்கைப் பட்டாணித் தோட்டப் பாதைகளின் வரலாறு

கெடா மாநிலத்தின் வரலாற்றைத் தமிழர் பேசத் தொடங்கினால் முதலில் கடாரமே வந்து நிற்கும். முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயிற் சிதைவுகளும் நமக்குப் பெருமை தருவன, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அச்சிதைவுகளைக் காண மாணவரை ஏற்றிச் செல்லும் பேருந்து பிடோங்கைக் கடந்து செமிலிங் வழியாக மெர்போக் நோக்கி ஓடும்போது, இருபுறமும் பிரிந்து காட்டுக்குள் மறையும் செம்மண் பாதைகளை எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. அவற்றின் வயது நூறாண்டைச் சற்றே கடந்திருக்கும். அவற்றில் நடந்தவர்களோ அரசரும் வணிகரும் அல்லர். நம் பாட்டன் பாட்டியர்.

அண்மைக் காலத்தில் இப்பாதைகளுக்குப் புதிய விருந்தினர் வந்துள்ளனர். தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண்ணிலும் ஒருசேர ஓடத்தக்க, தடித்த உருளிப்பட்டை பூட்டிய 'சரளைச் சாலை மிதிவண்டி'யில் நகரத்தார் வார இறுதிகளில் தோட்டங்களுக்குள் புகுந்து செல்கின்றனர். ஜெராய் மலையின் நிழலில் ஏறி இறங்கும் அப்பாதைகள் அவர்களுக்கு உடற்பயிற்சிக் களம். வரலாற்று மாணவருக்கு அவை ஓர் ஆவணம் என்பதே என் கருத்து. அந்த ஆவணத்தைப் படிக்கும் முறையை இங்குக் கூற முயல்கிறேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சிறிது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த இச்செம்மண் வகைக்கு 'லேட்டரைட்' என்னும் பெயரை 1807இல் வழங்கியவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரின் அங்காடிப்புரத்தில் அதனைச் செங்கல்லாக வெட்டிக் கட்டடம் எழுப்புவதை அவர் கண்டார். வெட்டும்போது மென்மையாய் இருந்து, காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகுவது அதன் இயல்பு. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களிலும் அக்கல் பயன்பட்டிருக்கிறது. தோட்டத்துரைமாருக்கு அது அருகிலேயே அகழ்ந்தெடுக்கக் கிடைத்த மலிவான சாலைச் சரளை. வெயிலில் கல்லாகவும் மழையில் வழுக்கலாகவும் மாறும் அச்சடக்கில் விழுந்து முழங்கால் தேயாத தோட்டத்துப் பிள்ளை அரிது.

1909இல் பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் ஆதிக்கத்திலிருந்து பிரித்தானிய ஆதிக்கத்திற்கு மாறியது. 1915இல் இருப்புப்பாதை சுங்கைப் பட்டாணி வழியாக அலோர் ஸ்டாரை எட்டியது. அக்காலத்தை ஒட்டியே இவ்வட்டாரக் குன்றுகளில் இரப்பர் பரவிற்று. அதுவரை ஆறுகளே இந்நிலத்தின் பெருவழிகள்; அதன்பின் பாதைகள் பாலின் பொருட்டுப் பிறந்தன.

பாலின் பொருட்டு என்பதை விளக்க வேண்டும். இரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுவிடும். மங்கில் சேர்ந்த பாலோ சில மணி நேரத்திற்குள் உறையத் தொடங்கும். அமோனியா சேர்த்தால் சற்றுத் தாமதிக்கலாம், அவ்வளவே. எனவே இருளிற் புறப்பட்ட வெட்டுத் தொழிலாளி, முற்பகலுக்குள் பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளி தொங்கத் தோளில் சுமந்து, நிறுக்கும் கொட்டகைக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து மாட்டு வண்டியோ, பின்னாளில் லாரியோ ஆலைக்குக் கொண்டுசெல்லும். கொட்டகைகளுக்கு இடையிலான தொலைவும், குன்றைச் சுற்றி வளைந்தேறும் பாதையின் சரிவும் இக்கணக்கினால் அமைந்தவை. சுமையுடன் மாடு இழுக்கக்கூடிய ஏற்றமே பாதையின் ஏற்றம். இன்று மிதிவண்டியில் செல்பவர் மூச்சிரைக்காமல் குன்றேற முடிகிறதென்றால், அந்த மாடுகளுக்கு அவர் நன்றி கூறலாம்.

கூர்ந்து நோக்கினால் வேறொரு வகைப் பாதையும் தென்படும். அது வளையாது, குன்றின் மேல் நேரே ஏறி, மறுபுறம் நேரே இறங்கும். நிர்வாகம் வெட்டியதன்று, காலடிகள் தேய்த்தது. லயன் வீடுகளிலிருந்து அடுத்த தோட்டத்துக் கோயிலுக்கும், கடைத்தெருவுக்கும், பெண் கொடுத்த வீட்டுக்கும் சென்ற குறுக்குவழி அது. நிர்வாகம் இட்ட சடக்குகள் அனைத்தும் ஆலையிலும் அலுவலகத்திலும் சென்று முடிய, மக்கள் இட்ட வழிகள் எல்லையைத் தாண்டிச் சென்றன. தோட்டத்து வாழ்வின் இரு வரலாறுகளும் இவ்வாறு ஒரே குன்றில் எழுதப்பட்டுள்ளன.

எல்லையைத் தாண்டுவது எளிதன்று. சடக்கு தனியார் நிலம். யார் உள்ளே வரலாம் என்பதைத் துரையே தீர்மானித்தார். தொழிற்சங்கத்தார் உட்புகுந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது. இந்நிலையில் மிதிவண்டியின் வரவு சிறிய செய்தியன்று. கிராணியிடமும் தண்டலிடமும் முதலிற் காணப்பட்ட அவ்வண்டி, பின்னர்த் தொழிலாளரின் கைக்கும் வந்தது. சம்பள நாளில் பட்டணம் சென்று அன்றே திரும்பவும், அடுத்த தோட்டத்துச் செய்தியை அன்றிரவே அறியவும் அது வழி செய்தது.

அதே வண்டி 1941 டிசம்பரில் அச்சத்தின் சின்னமாயிற்று. 8ஆம் நாள் சுங்கைப் பட்டாணி விமானத் தளம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. ஜித்ராவிலும், ஜெராய் மலையடிவாரத்துக் குருனிலும் பிரித்தானியப் படை தோற்றுப் பின்வாங்கியது. ஒரு படைப்பிரிவுக்குச் சுமார் 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்று சப்பானியத் தளபதியரின் திட்ட வகுப்பாளரான ட்சுஜி மசனோபு எழுதியுள்ளார். போதாதவற்றைப் பொதுமக்களிடமிருந்து பறித்துக்கொண்டனர். பெருஞ்சாலையின் பாலங்களைத் தகர்த்துவிட்டால் பகைவர் நின்றுவிடுவர் என்று எண்ணியவர்கள், சிற்றாறுகளைத் தோளில் வண்டி சுமந்து கடப்போரையும், பக்கவாட்டில் ஓடிய தோட்டப் பாதைகளையும் கணக்கில் கொள்ளவில்லை. பாலுக்காக இட்ட சடக்கு படைக்கும் பயன்பட்டது. அடுத்த ஈராண்டுகளில் அச்சடக்குகள் வழியாகவே நம்மவர் திரட்டப்பட்டுச் சயாம் மரண இரயில்பாதைக்கு அனுப்பப்பட்டனர். பெரும் எண்ணிக்கையினர் மீளவில்லை.

போருக்குப் பின், பிடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுண்ணாமையையும் கட்டொழுங்கையும் வற்புறுத்திய அவ்வியக்கம் தோட்டந்தோறும் பரவியது. 1947இல் காவல் துறையுடன் மோதல் மூண்டு பலர் கைதாயினர். இவ்வியக்கத்தை ஆய்ந்தவர்கள் அதன் கொள்கையைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அது எவ்வழியே பரவியது என்பதைப் பற்றிக் குறைவாகவே எழுதியுள்ளனர். ஒன்றோடொன்று எல்லை தொட்டுக் கிடந்த தோட்டங்களின் குறுக்குவழிகளை வரைந்து பார்த்தால் அக்கேள்விக்கு விடை கிடைக்கலாம் என்பது என் ஊகம். 1948இல் அவசரகாலம் பிறந்தபின் அவ்வழிகள் மூடப்பட்டன. முள்வேலியும் ஊரடங்கும் வந்தன. காட்டிலிருப்போர்க்கு அரிசி போய்ச் சேராதிருக்கத் தோட்ட வாயிலில் ஆட்களோடு மிதிவண்டிகளையும் சோதித்தனர்.

விடுதலைக்குப் பின் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களைத் துண்டாடி விற்றனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சிடிம் ஆகும். தொழிலாளி தன் பங்கான நிலத்தின் சடக்கில் நடந்த அரிய நிகழ்வு அது.

பிறகு இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. பழக்குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிடில் எண்ணெயின் தரம் குறையும் என்பதால், இயந்திரங்கள் குன்றுகளைப் படிப்படியாக வெட்டிப் புதிய பாதைகளை இட்டன. நிர்வாகச் சடக்கு பெரும்பாலும் தப்பியது. காலடி வழிகள் அழிந்தன. சுங்கைப் பட்டாணியை ஒட்டிய தோட்டங்களோ குடியிருப்புத் தாமான்களாக மாறின. நிலம் தனியாருடையது என்றால் ஆயிரமாண்டுப் பழமையும் காப்பாகாது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண்ணிட்ட கோயிற் சிதைவு நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013 இறுதியில் வெளிவந்தது. கோயிலுக்கே இந்நிலை என்றால் ஒற்றையடிப் பாதைக்கு யார் வாதாடுவார்?

இத்தாலியின் தஸ்கனி மாவட்டத்தில் ஒருவர் வாதாடினார். கியாந்திக் குன்றுகளின் வெண்சரளைப் பாதைகள் தாருக்கடியில் மறைவதைத் தடுக்க எண்ணிய ஜன்கார்லோ புரோச்சி, 1997இல் 'லெரோயிகா' என்னும் பழைய மிதிவண்டிகளின் ஓட்டத்தைத் தொடங்கினார். 2007 முதல் அப்பாதைகளில் தொழில்முறைப் போட்டியும் நடைபெறுகிறது. அவையும் அரச வீதிகள் அல்ல. வாரத்திற்கு உழுத குடியானவர் நடந்த வழிகள். ஆனால் அங்குக் குடியானவரின் பேரர்கள் அவ்வூரிலேயே இருக்கின்றனர். இங்கு நம்மவர் வெளியேற்றப்பட்டுப் பட்டணத்து அடுக்ககங்களில் சிதறியுள்ளனர். ஓட்டப் போட்டி நடத்தினால் மட்டும் பாதையின் நினைவு மீளும் என்று நான் நம்பவில்லை.

பள்ளிகளிடம் ஒரு தொடக்கம் உள்ளது. பிடோங் வட்டாரத்தில் ஹார்வார்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் 1, 2, 3 என்னும் பிரிவு எண்களோடு இன்றும் அழைக்கப்படுகின்றன. அந்த எண்கள் பழைய தோட்டத்தின் நிருவாகப் பிரிவுகள். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் பிள்ளைகள் எவ்வழியே சென்றனர், எந்த ஏற்றத்திற்கு என்ன பெயர், எங்கே நின்று தண்ணீர் குடித்தனர் என்பவற்றை அரசு நில வரைபடம் கூறாது. அறிந்தவர்கள் எண்பதை ஒட்டிய அகவையினர். அவர்களுள் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, வெறுந்தாளில் முதலில் ஆலையையும், அடுத்துக் கோயிலையும் குறித்து, இரண்டுக்கும் இடையே கோடிழுக்கச் சொல்லுங்கள்.