ஸ்ரீ இலக்கமும் உப்புக் காற்றும்: கல்முனைக் கரையில் ஒரு பழைய பிக்கப்

வீட்டு வளவில் ஒரு பழைய பிக்கப்பை நிறுத்திவைத்து, ஓய்வு நாள்களில் அதைக் கழற்றிப் பூட்டிப் புதுப்பிப்பது மேல்நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. கல்முனைக் கரையில் அந்த வேலையைத் தொடங்கும் ஒருவர் இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் இலக்கத்தகட்டைப் படிக்க வேண்டும் என்பேன். நமது நாட்டின் அரசியல் வரலாறு அந்தத் தகரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1957க்கு முன் பதிவான வண்டியானால் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதற்குப் பிந்திய வண்டியில் எண்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்து நிற்கும். தனிச் சிங்களச் சட்டம் வந்த மறு ஆண்டே அந்த எழுத்தும் வாகனங்களில் ஏறியது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. 1958 ஜனவரியில் பஸ்கள் அரசுடைமையாகி, சில மாதங்களில் ஸ்ரீ தகட்டுடன் வடக்கே அனுப்பப்பட்டபோது போராட்டம் மீண்டும் மூண்டது. தமிழ்ப் பகுதிகளில் தகடுகளுக்குத் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது.

இந்தக் கரைக்கும் அந்த அரசியலில் பங்குண்டு. 1956 பொதுத் தேர்தலில் கல்முனைத் தொகுதி எம். எஸ். காரியப்பரையும், பொத்துவில் தொகுதி எம். எம். முஸ்தபாவையும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாகவே தெரிவுசெய்தன. இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றார்கள் என்பது வேறு கதை. அன்று தார் பூசப்பட்ட அதே எழுத்தை இன்று பழைய வாகனப் பிரியர்கள் மெருகேற்றிப் பூட்டுகிறார்கள். தகடு அசலானதா என்று தடவிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள். இதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

சரி, இத்தனை பழைய வண்டிகள் இந்தத் தீவில் எப்படித் தப்பின? இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர், அதன் பிறந்த மண்ணிலேயே பழைய இரும்பாகிக்கொண்டிருந்த காலத்திலும் இலங்கை வீதிகளில் ஓடியது. காரணம் அன்னியச் செலாவணிப் பஞ்சம். 1960களின் தொடக்கத்தில் வாகன இறக்குமதிக்குக் கடிவாளம் போடப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானிய வண்டிகள் வந்து குவியும்வரை, இருந்ததை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு தலைமுறைக் கராஜ்காரர்கள் அந்த நெருக்கடியில் தேர்ச்சி பெற்றார்கள். கிடைக்காத பாகத்தைக் கடைந்தார்கள், உடைந்ததை ஒட்டினார்கள்.

அந்தத் திறமை ஏற்றுமதியும் ஆனது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்கூடம் அமைத்து அந்தக் காரின் உடற்பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கே எடுத்துச் சென்றார். அதே காலத்தில், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

கல்முனைக்கு ரயில் கிடையாது. மட்டக்களப்போடு பாதை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் வீதிதான். கல்லோயாத் திட்டத்தால் விரிந்த வயல்களின் நெல்லும், கரைவலை மீனும், மருதமுனைக் கைத்தறித் துணியும் சக்கரங்களையே நம்பியிருந்தன. 1953இல் வந்த மொரிஸ் மைனர் பிக்கப்பின் கொள்ளளவு கால் தொன், அதாவது ஏறத்தாழ 12 புசல் நெல். லொறிக்கு முன் அது அற்பம், மாட்டுவண்டிக்கு முன் அது வேகம்.

புதுப்பிப்பவருக்கு அந்தப் பிக்கப்பில் ஒரு வாய்ப்பு உண்டு. மைனர் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. உடலே தாங்கு சட்டம். உடல் துருப்பிடித்தால் கார் முடிந்தது. பிக்கப்புக்கோ கராஜ்களில் செசி எனப்படும் அடிச்சட்டம் தனியாக உண்டு. அது உறுதியாக இருந்தால் மேலே உள்ளவை அனைத்தையும் தகரம் வெட்டி ஒட்டிக் கட்டிவிடலாம். ஆனால் உப்புக் காற்று அடிக்கும் ஊரில் செசியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கம் வண்டியில் இல்லையேல், எவ்வளவு அழகாகப் பெயின்ற் அடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் தகரம். பற்றரியிலும் கவனம் வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும்; ஜப்பானிய வண்டிகளில் பழகிய கை அதை மாற்றிப் பூட்டினால் டைனமோவுக்குக் கேடு.

காற்று மட்டுமா? 2004 டிசம்பர் 26இல் கடலே வந்தது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேல். சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் சடலங்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில் வண்டிகளைப் பற்றி யார் நினைப்பார்? உப்பு நீரில் மூழ்கிய இயந்திரத்தை உடனே திறந்து, நன்னீரால் கழுவி, டீசல் ஊற்றி, எண்ணெயை மாற்ற வேண்டும். நாள் கடந்தால் உள்ளே எல்லாம் இறுகிவிடும். பல ஆண்டுகளின் தட்டுப்பாடு செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்தது. தப்பிய வண்டி இன்று ஏன் அருமையானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. கைவிடப்பட்ட பலவற்றுக்கு மறுபடி ஆள் கிடைத்தது. தடை நீங்கினாலும் வரி நீங்கவில்லை. சிறு விவசாயிக்குப் புதிய பிக்கப் எட்டாத உயரத்திலேயே நிற்கிறது.

வளவில் மொரிஸ் ஒன்றை வைத்திருப்போருக்கு இறுதியாக ஒன்று. முன் சக்கரங்களைத் தாங்கும் கீழ்ப் புரிமூட்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஓடும்போதே சக்கரம் மடிந்து வண்டி குப்புற விழும். பெயின்ற் பிறகு அடிக்கலாம்; கிரீஸை இன்றே அடியுங்கள்.