கச்சேரியை விட்டுப் பள்ளிக்கூடம் போனவர்

இலங்கையில் ஓர் ஆசிரியர் 'முன்னேறிவிட்டார்' என்று சொன்னால், பெரும்பாலும் அவர் வகுப்பறையை விட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார் என்றே பொருள். வலயக் கல்விப் பணிமனை, மாகாணத் திணைக்களம், அதிர்ஷ்டம் இருந்தால் கொழும்பில் அமைச்சு. இந்தப் பாதையில் எதிர்த்திசையாக நடந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அந்தத் திருப்பம் தொடங்கிய இடம் கல்முனை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றுபோயிற்று. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நெல் விளையும் கிழக்குக் கரையை அரசு அவசரமாக நினைத்துக்கொண்டது. கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்றைத் திறந்து, அதற்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 30. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர்; இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம்.

அவருக்கு இடப்பட்ட வேலை உணவு உற்பத்தி. அதைச் செய்தார். ஆனால் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அவர் கண்டது நெல்லை மட்டுமல்ல. பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையில் சில வகுப்புகளோடு நின்றுவிட்டார்கள். உயர்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலமோ பெரும்பாலும் மிஷன் பள்ளிகளில் இருந்தது. அங்கே அனுப்பினால் மார்க்கம் என்னாகும் என்ற அச்சம் பெற்றோருக்கு. பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

கல்முனைக்கு அடுத்தாற்போல் இருப்பது காரைதீவு, விபுலாநந்த அடிகளின் ஊர். கல்முனை மெதடிஸ்த பள்ளியிலும் படித்தவர் அவர். துறவு பூணுமுன்பே ஆசிரியர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். துறவியான பின்னரும் பள்ளியை விடவில்லை. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். இந்தத் துறவியும் அந்த அதிகாரியும் கிழக்கில் நண்பர்களானார்கள். ஒரு சமூகத்தைத் தூக்கி நிறுத்தப் பள்ளிக்கூடத்தை நடத்துவது போதுமான வேலை என்பதற்கு அஸீஸின் கண்ணெதிரே வாழ்ந்த சான்று அடிகளார் என்றே நான் கருதுகிறேன். இன்று கல்முனை என்றால் பிரதேச செயலகத்தின் எல்லைத் தகராறுதான் செய்தியாகிறது. இந்த நட்பு அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. ஏழை மாணவருக்குக் கைகொடுக்கும் அந்த எண்ணமே 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது.

அடுத்த படிதான் பலரை வியக்கவைத்தது. 1948, சுதந்திரம் கிடைத்த ஆண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் விலக விலக, உள்நாட்டவருக்கு உயர்பதவிகள் திறந்துகொண்டிருந்த நேரம். அப்போதுதான் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அங்கே இருந்தார். இடையில் செனட்டரும் ஆனார், பள்ளியை விடவில்லை. பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராக இருந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். முஸ்லிம் கல்லூரி ஒன்றின் தமிழ்ச் சூழலில் வடமராட்சிப் பிள்ளை ஒருவர் வளர்ந்தது தற்செயல் அன்று. ஓர் அதிபர் யாருக்குக் கதவைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கல்முனைக்கு வருவோம். 1949இல் அங்கும் ஒரு ஸாஹிரா எழுந்தது. பின்னாளில் அதன் அதிபராக இருந்தவர் சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல். அமைச்சுச் செயலாளர் வரை போனவர் என்பதால் நான் முதலில் சொன்ன கணக்கில் இவரும் சேர்வார். எனினும் அஸீஸின் கல்விச் சிந்தனைகளை நூலாக்கி அடுத்த தலைமுறைக்குத் தந்தவர் அவரே. கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கிப் பேராதனையில் பேராசிரியரானவர். 1999இல் வந்த அவருடைய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' நூலைப் புரட்டினால், அதில் இன்னமும் ஒரு வகுப்பறை ஆசிரியரின் கை தெரியும்.

பெண்கல்விக்கான பெரிய அடையாளமாகக் கல்முனையில் இன்று நிற்பது மஹ்மூத் மகளிர் கல்லூரி. அது தாங்கும் பெயருக்குரிய பதியுதீன் மஹ்மூதும் கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சர். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அவரால் வந்த நன்மைகளைக் கிழக்கு மறக்கவில்லை. தரப்படுத்தலும் அவர் காலத்தில்தான் வந்தது என்பதை யாழ்ப்பாணமும் மறக்கவில்லை. பள்ளியில் இருந்தபடி தலைமை தாங்குவது வேறு, பள்ளிகளின் மேல் அதிகாரம் செலுத்துவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அஸீஸ் 1973இல் காலமானார். அவருடைய மறைவுக்குப் பின், 1980இல் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்.