நகுலமும் மனையாளும்: அடைக்கலக் காதைச் செய்தியொன்றின் மறுபரிசீலனை

சிலப்பதிகாரத்தில், மதுரையின் புறஞ்சேரியில் கோவலனைச் சந்தித்த மாடலன் என்னும் மறையோன், அவன் இம்மையிற் செய்த நல்வினைகளை எடுத்துரைக்குமிடத்தில், நகுலம் ஒன்றின் சாவுக்குக் காரணமாகிக் கணவனாற் கைவிடப்பட்ட பார்ப்பனியின் துயரத்தை அவன் தீர்த்த வரலாறும் சில அடிகளில் வந்துபோகிறது. இதனைப் பஞ்சதந்திரத்து ஐந்தாம் தந்திரத்தின் எதிரொலியென்றும், ஆராயாது செய்யும் கருமத்துக்கு ஓர் உதாரணமென்றும் கொள்வதே நெடுங்காலமாக வழங்கிவரும் அபிப்பிராயம். தொட்டிலிற் குழந்தை, அதை நெருங்கிய பாம்பு, பாம்பைக் கொன்ற கீரி, அதன் வாயில் இரத்தம், அதைக் கண்டு பதறிய தாய் என்று கதை முழுவதையும் நாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அடிகளைப் படிக்கிறோம். காவியத்தின் சொற்களை மாத்திரம் நம்பிப் படிப்பவருக்கு அங்கே தொட்டில் கிடைக்காது, பாம்பு கிடைக்காது, இரத்தமும் கிடைக்காது.

இறந்த நகுலம், வருந்திப் பின்தொடர்ந்த மனைவி, வடதிசை நோக்கிச் சென்ற கணவன், வடமொழி வாசகம் தாங்கிய ஓர் ஏடு, வணிகர் வீதியில் வீடுதோறும் அலைச்சல், கோவலன் செய்த தானம், பிரிந்த தம்பதிகளின் சேர்க்கை: மூலத்தில் உள்ளவை இவ்வளவே. எஞ்சியவை உரைகாரர் தந்தவை. அந்த ஏட்டில் எழுதியிருந்ததாகச் சொல்லப்படும் சுலோகங்கூட அடியார்க்குநல்லார் உரையில் உள்ளதேயன்றி இளங்கோவடிகள் வாக்கில் உள்ளதன்று. 1892இல் உ. வே. சாமிநாதையர் மூலத்தையும் உரையையும் ஒருங்கே பதிப்பித்துத் தந்த பிறகு, மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது எவருக்கும் எளிது. எளிதாயிருந்தும் இவ்விடத்தில் அது செய்யப்படவில்லை.

வழக்கு முழுவதும் நகுலத்துக்கு முன் நிற்கும் 'பிள்ளை' என்னும் அடையில் அடங்கிக் கிடக்கிறது. பிள்ளையைப்போல வளர்த்த கீரி என்பது ஒரு பொருள். கீரிப்பிள்ளை என்னும் நாட்டு வழக்கையே மாற்றிச் சொன்னது என்பது மற்றொன்று. இளங்கீரி, அதாவது குட்டி, என்பது மூன்றாவது. அடுத்த அடியின் எதுகைக்காகச் சொல் முன்னே வந்திருக்கலாம் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அதனை முற்றும் மறுக்க என்னால் இயலாது. ஆயினும், எதுகை ஒரு சொல்லை முன்னே கொண்டுவருமேயன்றி, வந்த சொல்லின் பொருளை அழித்துவிடாது. மூன்றாம் பொருளையே நான் சார்கிறேன். பாம்பின் நஞ்சு தசையிற் சென்று பற்றவேண்டிய இடம் கீரியின் உடலில் மாறி அமைந்திருப்பதால், விஷத்தை ஓரளவு தாங்கும் சக்தி அதற்குப் பிறவியிலேயே உண்டென்பது உண்மை. ஆனால் சீறும் பாம்பின் முன் விலகியும் பாய்ந்தும் அதைக் களைக்கச் செய்யும் சாமர்த்தியம் வளர்ச்சியால் வருவது. குட்டி நல்லபாம்பைக் கொன்றது என்று கொள்வது கடினம்.

அப்படியானால் அவள் அதனைக் கொல்லக் காரணம் என்ன? ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கென்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டுவரும் ஃபெரெட் என்னும் பிராணி, வேறு குடும்பத்ததாயினும், நீண்ட உடலாலும் ஊனுணவாலும் கீரியை ஒத்தது. ஒரு கூட்டில் விடப்பட்ட ஃபெரெட்டுகள் ஒன்றன் பிடரியை மற்றொன்று கவ்வி இழுத்துப் புரட்டுவதைப் புதியவர் கொலைவெறியென்றே எண்ணுவர்; பழகியவரோ, கவ்வப்பட்டது விடுபட்டதும் தானே திரும்பி வந்து மறுபடி வம்புக்கு நிற்பதைக் கொண்டு அதனை விளையாட்டென்று அறிவர். இடைவிடாத அலறல், பயத்தினாற் கழிதல், விடாப்பிடியான கவ்வல், இரத்தக் காயம் ஆகியவையே மெய்யான விரோதத்தின் குறிகள். கடிப்பதே விளையாட்டாகிய பருவத்துக் குட்டியொன்று காவலின்றி வீட்டுக்குள் உலவியபோது, அதன் கடியைக் குரூரமென்று பிழையாகக் கொண்டவளே இம்மனையாள் என்பது என் ஊகம். ஊகமே, ஆனால் மூலத்தில் இல்லாத பாம்பொன்றை இதற்கு வரவழைக்க வேண்டியதில்லை.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாததன்று. நிலைத்த பகையுடையவற்றின் பெயர்கள் சேர்ந்து ஒருமையாகும் என்னும் பாணினி சூத்திரத்துக்குக் காசிகை முதலிய உரைகள் தரும் உதாரணங்களுள் 'அஹிநகுலம்' பிரசித்தமானது. இலக்கணம் கற்றவர் காதில் நகுலம் என்று விழுந்தால் அஹியும் உடன் வந்து நிற்கும். உரைகாரர் கற்றவர். அந்தப் பகையைக்கூட மனிதர் அடக்கியாண்டனர் என்பதற்கு, கீரியை முளையிற் கட்டிப் பாம்பைக் கூடையில் மூடி, இதோ சண்டை, இதோ சண்டை என்று சொல்லியே சில்லறை சேர்த்துச் சண்டையைக் காட்டாமலே மூட்டை கட்டிய சந்தைத் தெரு வித்தைக்காரர்கள் போதிய சாட்சி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் தொழிலும், வீட்டில் கீரி வளர்க்கும் வழக்கமும் இன்று குற்றம்.

பஞ்சதந்திரக் கதை அன்றே பரவியிருந்ததால் குறிப்பே போதுமாயிருந்தது என்பர். எந்தக் கதை? ஹிதோபதேசத்திற் கீரியைக் கொல்பவன் தந்தை. பஞ்சதந்திரப் பாடங்களிலும் சிலவற்றிற் கொல்பவன் அவனே, சிலவற்றில் தாய். வேல்ஸ் நாட்டிற் கீரியின் இடத்தில் கெலெர்ட் என்னும் நாயே வந்துவிடுகிறது. இவ்வாதத்தை இதற்குமேல் நீட்டத் தேவையில்லை. காடுகாண் காதையிற் சொல்லப்படும் திருமால்குன்றத்துப் பொய்கைகள் மூன்றையும் அழகர்கோவில் மலையில் இடம் காட்ட இவ்வளவு சிரமப்படுகிறவர்கள், அம்மலையடிவாரத் தோப்புகளில் இன்றும் தாயின் பின்னே வரிசையாய் ஓடும் கீரிக்குட்டிகளைக் கண்டபின்னும், காவியத்துக் கீரியை மாத்திரம் கதைப் பிராணியென்று தள்ளிவிடுவது எனக்கு வியப்பே.

என் கட்சிக்கு வலுவான ஆதாரம் தானத்தில் இருக்கிறது. குழந்தையைக் காத்த கீரியைக் கொன்றிருந்தால் அது செய்ந்நன்றி கொன்ற பாவம்; எப்பாவத்துக்கும் கழுவாய் கூறி, அதற்கு மாத்திரம் உய்வில்லையென்று வள்ளுவரும், புறநானூற்று 34ஆம் பாட்டும் அறுதியிட்டுக் கூறுகின்றன. அறியாமற் செய்தாளென்பது அச்சொல்லின் கடுமையைக் குறைக்காது. கோவலன் செய்ததோ, அந்தணர் நூல் விதித்தபடி தானம் கொடுத்துத் தீவினை நீக்கியது. வாணிகன் ஒருவனின் கைப்பொருளால் தீர்ந்துபோன பாவம் அது.